இரண்டு தடவை எண்ணப்பட்ட மோதல்கள்

மதியம் ஒன்றே கால் மணி. முதலில் கண்ணில் பட்டது தங்கையின் லேப்டாப்பில் இருந்த வரைபடம். அதன் வலது ஓரம் சாம்பல் நிறப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவில் ஒரு துகள் மோதுவியில் முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாக ஆய்வு செய்கிறாள் தங்கை. விடுமுறைக்குச் சங்கரன்கோவில் வந்திருந்தாள். நான் நாளிதழில் செய்தி திருத்துகிறவன்.

புரோட்டான்கள் மோதும்போது டாப் குவார்க் என்ற துகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் பிறக்கும். ஒற்றையாக, இசட் போசான் என்ற இன்னொரு துகளோடு சேர்ந்து பிறப்பது அபூர்வம். அது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. கணக்கிடும் முறையை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை விடை இருக்கும் பகுதியை அவள் குழுவினர் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் மனம் விரும்பும் பக்கம் கை போய்விடும். அன்று பட்டையை எடுத்து விடையைத் திறக்க அனுமதி கிடைத்திருந்தது. முறையே தப்பு என்று தெரிந்தால் பரிசீலனை மறுபடி முதலிலிருந்து. அதுவரை அவள் விசா தாங்காது.

"சாப்பிட்டுட்டுப் பாரேன்ட்டி, பிரியாணி ஆறுது" என்றாள் அம்மா.

"திறந்துட்டு வாரேம்மா."

பட்டை மறைந்தது. புள்ளிகள் கோட்பாடு முன்பே கணித்த கோட்டுக்கு வெகு மேலே நின்றன. வீடியோ அழைப்பில் இருந்த குழுவினரில் யாரோ கைதட்டினார். தங்கை முகம் வெளிறியது.

"புதுசா ஏதும் கண்டுபிடிச்சிட்டியோ?" என்றேன்.

"சும்மா இருண்ணே. இவ்வளவு நல்லா வரக்கூடாது."

மோதலில் எலக்ட்ரான் தெரிந்தால் பதிவு ஒரு தொகுப்புக்குப் போகும். மியூவான் என்ற வேறொரு துகள் தெரிந்தால் இன்னொன்றுக்கு. இரண்டும் தெரிந்தால் இரண்டிலும் இருக்கும். அதில் ஒன்றை நீக்கியாக வேண்டும். ஒவ்வொரு மோதலுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களை வரிசைப்படுத்தினாள். பல எண்கள் இரண்டு தடவை வந்தன. கடைசியாக நிரலைச் சுருக்கி எழுதியபோது நீக்கும் வரி விட்டுப்போயிருந்தது. ஒரே பஸ் விபத்தைச் சிவகிரி நிருபரும் கரிவலம்வந்தநல்லூர் நிருபரும் அனுப்ப, அது இரண்டு விபத்தாக அச்சேறியதை நான் பார்த்திருக்கிறேன். அதை அப்போது சொல்லவில்லை.

திறந்த பிறகு முறையைத் தொடக்கூடாது. பிழையைத் திருத்தலாம், ஆனால் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான். கைதட்டியவர் உட்பட அத்தனை பேரும் கேட்க, தன் தவறு என்று சொன்னாள். அவளுடைய வழிகாட்டி, திருத்தி மறுபடி ஓட்டச் சொன்னார்.

நிரல் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து அடுத்த தெரு விசைத்தறிகளும் ஓடத் தொடங்கின. தங்கை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புதிய வரைபடம் வந்தது. புள்ளிகள் கோட்டோடு ஒட்டியே உட்கார்ந்திருந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னட்டி ஆச்சு?"

"புதுசா ஒண்ணும் இல்லம்மா!"

"ஒண்ணும் இல்லைங்கதுக்கா இந்தச் சிரிப்பு சிரிக்கே?"

"ஆமாம்மா. ஏற்கெனவே சொன்ன கணக்கு அப்படியே வந்திருக்கு."

"இதுக்கு மூணு வருசமா?" என்றாள் அம்மா.

ஆறிப்போன பிரியாணியைத் தங்கை நின்றபடியே சாப்பிட்டாள்.