வாசலில் அடித்த மணி

எங்கள் வீட்டில் சாமி அலமாரியின் மேல்தட்டில் ஒரு டைம்பீஸ் இருக்கிறது. பச்சை பூசிய தகர உடம்பு, தலையில் சின்ன மணி, முதுகில் இரண்டு திருகு. கண்ணாடியில் பன்னிரண்டுக்கு நேரே ஒன்றும் ஆறுக்கு நேரே ஒன்றுமாக இரண்டு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். ஒட்டின காலத்தில் வெள்ளையாக இருந்தவை, இப்போது பழுத்த வெற்றிலை நிறத்துக்கு வந்துவிட்டன. வருகிறவர்கள் கண்ணாடியில் விரிசல், அதற்குத்தான் ஒட்டுப் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்தினதில்லை.

அந்த டைம்பீஸ் டாக்டரம்மாவுடையது. நான் திருச்சியில் அவர்களுடைய ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. ஆனாலும் வார்டில் எந்தக் கட்டிலுக்கு என்ன ஊசி, யாருக்கு உப்பில்லாக் கஞ்சி என்பதெல்லாம் தலையிலேயே இருக்கும். ஒருநாளும் ஒருத்தர் சொல்லிக் காட்டும்படி வைத்துக்கொண்டதில்லை. டாக்டரம்மா மேலப்புதூர் பக்கம் மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். அதிகம் பேச மாட்டார்கள். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் நோயாளியின் மார்பில் வைப்பார்கள். அவர்களை நினைத்தால் முதலில் அந்தக் கைதான் கண்ணில் நிற்கும்.

என் தம்பி ஏ.சி. தியேட்டர் ஒன்றில் வேலை பார்த்தான். படம் ஓட்டுகிற வேலை இல்லை. மொட்டை மாடியில் பெரிய கூண்டு மாதிரி ஒரு டவர் இருக்கும். ஏ.சி. மெஷினைச் சுற்றி வந்த சுடுதண்ணீர் அதற்குள் மேலிருந்து பூவாய்ச் சிதறி விழுந்து ஆறும். அடியில் தொட்டி. அந்தத் தொட்டியில் படிகிற பாசியையும் வழவழப்பையும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுவது அவன் பொறுப்பு. வெயில் காலத்தில் ஊரே வேகும்போது, அவன் அந்தச் சிதறலில் முகத்தைக் காட்டிக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்த்து நிற்பானாம். "உங்களுக்கெல்லாம் காசு செலவழிச்சாத்தான் குற்றாலம். எனக்கு மாடியிலேயே சாரல்" என்பான். ஈரத் தலையோடு வீட்டுக்கு வருவான். பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வறட்டு இருமல், வயிற்றுப்போக்கு, கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். ஸ்ரீரங்கத்தில் அவன் வீட்டுக்குப் பக்கத்து டாக்டர் பென்சிலின் ஊசி போட்டார். கேட்கவில்லை. நான் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து சேர்த்தேன். அங்கேயும் வேறு ஊசிகள் மாற்றி மாற்றிப் போட்டார்கள். காய்ச்சல் அசையவில்லை. எக்ஸ்ரேயில் ஒரு பக்க நுரையீரல் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து, "சிஸ்டர், தொட்டிக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று கேட்டான். கூடப் பிறந்தவளை அடையாளம் தெரியவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா அவன் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். நகக்கண்ணில் பாசி பச்சையாக ஒட்டியிருந்தது. "உன் தம்பி என்ன வேலை பார்க்குறான்?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் டவரைப் பற்றிச் சொன்னதும் எழுந்து அறைக்குப் போய், ஒரு வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையோடு திரும்பி வந்தார்கள். அமெரிக்காவில் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒரு பெரிய ஹோட்டலில் கூடினார்களாம். அதில் பலருக்கு இப்படி நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து செத்தும் போனார்களாம். அந்தக் கிருமிக்கு லீஜியனெல்லா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இந்த மாதிரித் தண்ணீரில் வளர்கிறது என்றார்கள்.

"இதுதான்னு நிரூபிக்க இங்க டெஸ்ட் கிடையாது. ஆனா எனக்கு இதுதான்னு படுது. இந்தக் கிருமி நம்ம உடம்பைக் காவல் காக்குற அணு இருக்கு பாரு, அதுக்குள்ளேயே போய் உக்காந்துக்கும். பென்சிலின் வாசலோட நின்னுடும். எரித்ரோமைசின்தான் உள்ளே போகும்."

அந்த மாத்திரையை ஆரம்பித்தார்கள். இரண்டொரு நாளில் தம்பிக்கு உடம்பு வேர்த்தது. மறுநாள் காலையில் என்னைப் பார்த்து, "அக்கா, காப்பி வாங்கிட்டு வா. உங்க ஆஸ்பத்திரிக் காப்பி வேணாம், அது மாத்திரையை விட மோசம்" என்றான். நான் வராந்தாவில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். "காய்ச்சல் விட்டுருச்சுன்னு நிறுத்திடக் கூடாது. மூணு வாரம், ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம். உள்ளே ஒளிஞ்சிருக்குறது மறுபடியும் கிளம்பிடும்." தம்பி பெண்டாட்டிக்கு மணி பார்க்கத் தெரியாது என்று நான் சொன்னேன். டாக்டரம்மா தன் மேஜையில் இருந்த டைம்பீஸை எடுத்து, பன்னிரண்டிலும் ஆறிலும் பிளாஸ்திரி ஒட்டி, அலாரம் முள்ளை மாற்றி மாற்றி வைக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். "குணமானப்புறம் திருப்பிக் கொடுத்தா போதும்" என்றார்கள்.

அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும். "உள்ளே யாரோ அம்மி அரைக்கிறாங்க அக்கா" என்பான். ஆனாலும் முழுங்கினான். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்த வாரம் ஒருநாள் டூட்டி முடிந்து அவன் வீட்டுக்குப் போனால், நிலையில் வேப்பிலை சொருகியிருந்தது. வாசல் படியோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் டைம்பீஸும் மாத்திரைப் பொட்டலமும் இருந்தன.

தம்பிக்கு உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்திருந்ததாம். அம்மை வந்திருக்கிறது என்று, அவனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவன் மாமியார் முடிவு பண்ணிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அம்மை வந்தால் சமயபுரத்தாள் வந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். இங்கிலீஷ் மருந்து உள்ளே போகக் கூடாது, வெளியாள் வரக் கூடாது. அதிலும் ஆஸ்பத்திரியில் பத்துப் பேரைத் தொட்டுவிட்டு வருகிறவள் படியே ஏறக் கூடாது. அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய மூத்த பையனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது யாரோ பேச்சைக் கேட்டு ஊசி போட்டார்கள். பையன் தங்கவில்லை. அந்தப் பயம் அவர்களுக்கு எலும்பில் ஏறியிருந்தது.

"அத்தை, மாத்திரையை மட்டும் உள்ளே வாங்கிக்குங்க" என்றேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழகினவள் இல்லை. அன்றைக்குத் தெருவில் நின்று கெஞ்சினேன்.

"நீ ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்குறவ, அப்படித்தான் பேசுவ. ஆத்தா இறங்கிப் போகட்டும்மா. உன் தம்பி எங்க ஓடிடப் போறான்?"

அப்போது, படியிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த டைம்பீஸில் என் கையிலேயே அலாரம் அடித்தது. மணி ஆறு. எப்படி நிறுத்துவது என்று அந்த நேரத்தில் எனக்குக் கை ஓடவில்லை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

"அக்கா, மணி அடிக்குதே."

"ஆமாடா. முழுங்குறியா?"

"காய்ச்சல்தான் விட்டுருச்சே. தலைக்குத் தண்ணி ஊத்தினதும் முழுங்கிக்கிறேன் அக்கா. வயிறும் ரெண்டு நாள் சும்மா இருக்கட்டும்" என்றான். சிரிக்கிற குரல். அவன் பெண்டாட்டி உள் கதவோரம் நின்றாள். என்னையும் பார்க்கவில்லை, அவள் அம்மாவையும் பார்க்கவில்லை. கலியாணமாகி அதிக நாள் ஆகாத பெண். அவள் என்ன பேசுவாள்.

மறுநாள் டாக்டரம்மாவே வந்தார்கள். தெருக் குழாயில் காலைக் கழுவிவிட்டு, படிக்குக் கீழேயே நின்று, தம்பியை ஜன்னலுக்கு வரச் சொல்லிப் பார்த்தார்கள். "அம்மா, இது அம்மை இல்லீங்க. முதல்ல போட்ட ஊசி ஒத்துக்காம வந்த தடிப்பு. அம்மைன்னா கொப்புளத்துல நீர் கோத்திருக்கும்" என்றார்கள். மாமியார் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். "நீங்க வேற சாமி கும்பிடுறவங்க. எங்க ஆத்தா எப்படி எப்படி வருவான்னு உங்களுக்குத் தெரியாதும்மா." டாக்டரம்மா திரும்பி நடக்கும்போது, "இப்படித்தான் நானும் வாசலோட நிக்கணும்னு இருக்கு" என்றார்கள். என்னிடம் சொன்னார்களா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

தடிப்பு அடங்கினதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அன்று சாயங்காலமே காய்ச்சல் திரும்பிவிட்டது. மறுபடி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது இரண்டு பக்க நுரையீரலும் வெள்ளையாக இருந்தன. மாத்திரை கொடுத்தால் அப்படியே வாந்தியில் வந்தது. அதே மருந்து ஊசியாகவும் உண்டு, ஆனால் திருச்சியில் எந்தக் கடையிலும் இல்லை. டாக்டரம்மா டிரங்க் கால் போட்டு மெட்ராஸிலிருந்து ரயிலில் அனுப்பச் சொன்னார்கள். அவர்களே ஜங்ஷனுக்குப் போய் வாங்கி வந்தார்கள். நான் தம்பியின் தலைமாட்டில் இருந்தேன். அட்டைப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வார்டுக்குள் வந்தவர்கள், என் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றார்கள். பிறகு பக்கத்தில் வந்து, ஸ்டெதாஸ்கோப்பை எப்போதும் போல உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, அவன் மார்பில் வைத்தார்கள். வெகுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து டைம்பீஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "குணமானாத்தானே திருப்பித் தரச் சொன்னேன்" என்றார்கள். அது என்னிடமே தங்கிவிட்டது. டாக்டரம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. தம்பியின் மாமியார் காலமான பிறகு, அவன் பெண்டாட்டியை நான் என்னோடு கூட்டி வந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் கிழவிகளானோம். அந்தப் பங்குனியைப் பற்றி அவளும் பேசினதில்லை, நானும் கேட்டதில்லை. டைம்பீஸுக்கு அவள்தான் சாவி கொடுப்பாள். அலாரம் திருகை மட்டும் தொட மாட்டாள்.

போன மழைக்காலத்தில் எனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கே.கே. நகரில் ஒரு சின்ன வயசு டாக்டர் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். "ஆறு மணி நேரத்துக்கு ஒருதரமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம்மா. இது ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்" என்று சிரித்தார். அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைத்தேன். இருந்திருந்தாலும் அந்த வாசலைத் தாண்ட வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டைம்பீஸ் அடித்தது. எத்தனையோ வருஷமாகக் கேட்காத சத்தம். எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. தம்பி பெண்டாட்டி டம்ளரில் வெந்நீரும் மாத்திரையுமாக நின்றாள். நான் முழுங்குகிற வரைக்கும் நகரவில்லை. மாத்திரை தீருகிற வரை தினமும் அப்படியே.

தீர்ந்த மறுநாளும் மணி அடித்தது. வெந்நீரோடு வந்து நின்றாள்.

"மாத்திரைதான் தீர்ந்துபோச்சேடி" என்றேன்.

"தெரியும் அண்ணி. நிறுத்த மனசு வரல."

டம்ளரை வாங்கி வெறும் வெந்நீரைக் குடித்தேன். அலமாரியில் மணி அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தப் போகவில்லை.