டிரெய்லரில் திரும்பிப் பார்ப்பவள்

இன்று திருச்சானூரிலிருந்து திருப்பதிக்கு ஷேர் ஆட்டோவில் வந்தேன்.

எதிரே இரண்டு காலேஜ் பையன்கள். வெள்ளிக்கிழமை வரப்போகும் பேய்ப்படத்தின் டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், இங்க நிப்பாட்டு. எல்லாரும் ஓடிக்கினு கீறாங்க. இந்தப் பச்சப் பொடவ மட்டும் நின்னு திரும்பிப் பாக்குது பாரு."

"அதாண்டா பேயி. கமெண்ட்ல டீகோட் பண்ணிட்டாங்க. அது யாரப் பாக்குதோ அவன்தான் அடுத்து சாவான்."

எட்டிப் பார்த்தேன். என் மனைவி அமுதா.

போன வருஷம் நாகலாபுரத்தில் அந்தப் படப்பிடிப்பு நடந்தது. ஊர் ஜனங்களையே கூட்டமாக ஓடவிட்டார்கள். அமுதாவும் ஆசையாக ஓடினாள். "கேமராவப் பாக்காதீங்கம்மா" என்று மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

தை மாசம் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள்.

"இன்னாண்ணா அப்பிடிப் பாக்கற? பயந்துட்டியா?" என்று ஒரு பையன் சிரித்தான்.

"இல்லப்பா. இன்னொரு தபா போடு."

போட்டான். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. படப்பிடிப்பன்று கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் தெரியாத இடத்தில், லைட் ஒயரைச் சரிசெய்துகொண்டு ஒருவன் நின்றிருந்தான். எலக்ட்ரிகல் படித்தவன் என்று அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டேன்.

முதல் காட்சிக்குப் போகிறவர்கள் வந்து சொல்லுங்கள், படத்தில் அவள் பார்ப்பதாகக் காட்டுகிற ஆள் கடைசிவரை உயிரோடு இருக்கிறானா? ஸ்பாய்லர் ஆகிவிடும் என்று யாரும் யோசிக்க வேண்டாம்.