சின்னவள் எதுக்கு ஓடுகிறாள்

மகிமா எழுதியிருந்த கதையில் ஓர் அக்கா, ஒரு தங்கை. பெரியவள் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். சின்னவள் வீடு தங்குவதே இல்லை. கல்லூரியின் கடைசி வருடத்தில் எடுக்க வேண்டிய குறும்படத்துக்கான கதை அது. ஒருவர் இல்லாமல் மற்றவர் முழுமையாகாத இரண்டு பாத்திரங்கள் இருக்க வேண்டும் என்பது தண்டபாணி சார் போட்ட நிபந்தனை. மகிமாவோடு சேர்ந்து படம் எடுக்க வாய்த்தவள் கொருக்குப்பேட்டை ரிஃபானா.

சாயங்கால மின்சார ரயில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தபோது ரிஃபானா காகிதங்களைப் படித்து முடித்தாள்.

"இன்னாடி இது? பெரியவ துடைக்கிறா, துவைக்கிறா, அழுவுறா. சின்னவ ஊர் சுத்திகினு கீறா. அவ்ளோதானா?"

"அவ அப்படித்தான்."

"அப்படித்தான்னா? எதுக்கு வூட்ட வுட்டு ஓடிகினே கீறா? அத்த எழுது. நீ அவள திட்டறதுக்குன்னே கொண்டாந்து நிக்க வெச்சிகீற."

மகிமா காகிதங்களை வாங்கிப் பையில் வைத்தாள். வாதாடும் தெம்பு இல்லை. விடியற்காலையில் எழுந்து அம்மாவைப் புரட்டி, துணி மாற்றி, வெந்நீரில் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு ஓடி வந்து வண்டி பிடித்தவள் அவள். இறங்கிப் போனால் மறுபடியும் அதே வேலை காத்திருந்தது. நின்றுகொண்டே தூங்க அவள் எப்போதோ பழகிவிட்டாள்.

அம்மா தேவப்பிரியத்துக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து ரெண்டு வருடமாகியிருந்தது. மகிமா கல்லூரியில் இருக்கும் பகலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக்கொள்வாள். அப்பா சாலமோன் அதற்கும் முன்பே இறந்துபோயிருந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் அவர் போட்ட பாத்திரக் கடையை இப்போது அண்ணன் அஜின் பார்த்துக்கொண்டான். மத்தியானம் சாப்பிட வருவான். அம்மாவின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களைப் போல நடித்துக் காட்டுவான். அம்மா பாதி முகத்தால் சிரிப்பாள். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுவான். இந்த ரெண்டு வருடத்தில் ஈரத்துணியை அவன் கையில் மகிமா பார்த்ததில்லை. கதையில் வந்த சின்னவள் அவன்தான் என்று ரிஃபானாவிடம் அவள் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை கல்லூரி கிடையாது. எப்படியும் சின்னவளைத் திருத்தி எழுதியாக வேண்டும் என்பதால், அன்றைக்கு அண்ணனைக் கவனித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஆனால் அவள் கண்ணில் பட்டது அம்மா. வாசலில் பைக் சத்தம் கேட்கும் நேரம் நெருங்கியதும் அம்மா தலையைத் தடவிக் காட்டினாள். மகிமா சீவிவிட்டாள். பவுடர் என்றாள், போட்டுவிட்டாள். விடுமுறை நாட்களில் எப்போதும் நடப்பதுதான். ஏதோ பழக்கம் என்றே அவள் நினைத்திருந்தாள். அம்மா நல்ல கையால் போர்வையை இழுத்து, விழுந்துபோன கையை மூடினாள். மூத்திர டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். காலையிலிருந்து மகிமாவிடம் ஒரு வாய் கஞ்சி வாங்காமல் முரண்டு பிடித்தவள், அஜின் வந்து உட்கார்ந்ததும் வாயைத் திறந்தாள்.

அம்மா தூங்கிய பிறகு மகிமா கடைக்கு நடந்தாள். வெயில் நேரம், ஆள் இல்லை. அஜின் பிளாஸ்டிக் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன இந்நேரத்துல? அம்மாவுக்கு எதுவும்...?"

"ஒண்ணுமில்ல, தூங்குறாங்க. ஒரு விஷயம் கேக்கணும்ணே. படத்துக்கு."

"கேளு."

"ஒரு நாளாவது நீங்க ஏன் அம்மாவுக்குத் துணி மாத்தல?"

அஜின் வாளியைக் கீழே வைத்தான். "இது படத்துக்கா?"

"ஆமா."

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் குடத்துக்கு மூடி கேட்டு வந்தாள். "இன்னா சைஸு, அக்கா? கொடம் எடுத்தாரலயா?" என்று அவளிடம் அவன் சிரித்துப் பேசினான். அவள் போனதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

"ஆஸ்பத்திரியில ஒரு வாட்டி நர்ஸ் என்னையத் துடைச்சுவிடச் சொன்னாங்க. துணிய நனைச்சுக்கிட்டு வந்தேன். அம்மா நல்ல கையால என் சட்டையப் புடிச்சிக்கிட்டாங்க. அப்போ அவங்களுக்குப் பேச்சு சரியா வராது. 'நீ வேண்டாம்'னாங்க. 'நீயாவது என்னைய முன்ன மாதிரி பாரு'ன்னாங்க. அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்களுக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு."

அவன் கீழே வைத்த வாளியை மகிமா எடுத்து அடுக்கில் வைத்தாள்.

"சரின்னுட்டேன். எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாதுல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நேரா அம்மாகிட்ட சண்டைக்குப் போயிருப்ப."

போயிருப்பாள்தான். திரும்பி வரும் வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் நகராமல் நின்றன. அவற்றை ஒட்டிப் புழுதியில் நடந்தாள். அண்ணன் மேல் இருந்த கோபம் போகவில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அவனுக்கு முன்ன மாதிரி அம்மா. தனக்கு மட்டும் புண்ணும் பீத்துணியுமா?

சாயங்காலம் முதுகைத் துடைத்துவிடும்போது கேட்டே விட்டாள்.

"அண்ணன் பாக்கக் கூடாது. நான் மட்டும் பாக்கலாமா?"

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்: "நாள் பூரா... நடிக்க... முடியல மக்ளே."

மகிமா துணியைப் பிழிந்தாள். இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. முதுகில் இன்னும் ஈரம் இருந்தது. துடைத்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் உட்கார்ந்து கதையைத் திருப்பி எழுதினாள். சின்னவள் வரும் நேரத்தில் அம்மா தன்னை ஒளித்துக்கொள்கிறாள். சின்னவள் எதையும் பார்க்காதவள் போலச் சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்து முகம் வலித்ததும் கிளம்பிவிடுகிறாள். அம்மாவை மூடுவதும் பெரியவள்தான், சின்னவள் போனதும் திறப்பதும் பெரியவள்தான்.

ரிஃபானா படித்துவிட்டுக் காகிதங்களை மடக்கினாள்.

"இப்ப சரி. ஒருத்தி இல்லன்னா இன்னொருத்தி அம்பேல். ஆனா ஒண்ணு, சின்னவ நேரா போய்ட மாட்டா. கதவாண்ட நின்னு உள்ள தண்ணி ஊத்துற சத்தத்த கேட்டுகினு இருப்பா. அப்பால தான் போவா."

அதையும் சேர்த்தார்கள். கடலோர நெட்டுக்குப்பத்தில் ரிஃபானாவுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் படம் பிடித்தார்கள். பக்கத்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னல் வழியாக வந்து வெள்ளைப் படுக்கை விரிப்பில் படிந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அதை உதறிப் போட வேண்டியிருந்தது. பெரியவளாக நடித்த வகுப்புத் தோழி, இடுப்பு ஒடிகிறது என்று மத்தியானத்துக்குள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மகிமா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கல்லூரியில் திரையிட்ட அன்று தண்டபாணி சார், முதல் பாதி இழுக்கிறது, ஆனால் ரெண்டு பாத்திரங்களும் மனசில் நிற்கின்றன என்றார். பரிசு வேறு படத்துக்குப் போனது. அஜின் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். படம் முடியும் முன்பே எழுந்து வெளியே போனதை மகிமா கவனித்தாள். வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு கதவுப் பக்கத்துல நின்னு கேக்குதே. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. ரிஃபானா எழுதினது."

அஜின் தலையாட்டினான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். ஆஸ்பத்திரி வேலை தெரிந்த ஓர் ஆயாவை விசாரித்து வைத்திருப்பதாகவும், திங்கட்கிழமையிலிருந்து காலையில் வரச் சொல்லிவிட்டதாகவும் சொன்னான்.

"அம்மா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்க மாட்டாங்க. நான் பேசுறேன். இது ஒண்ணையாவது நான் பேசுறேன்."

திங்கட்கிழமை அந்த ஆயா வந்தாள். தண்ணீர் சுடுகிறது, துணி சொரசொரவென்று இருக்கிறது என்று அம்மா குழறிக் குழறித் திட்டுவது அடுத்த அறைக்குக் கேட்டது. மகிமா பாதி எழுந்து உட்கார்ந்தாள். அண்ணனின் குரலும் அங்கே கேட்டது; கதவுக்கு வெளியே நின்று ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அன்றைக்குப் போக வேண்டிய வண்டியைத் தவறவிட்டுத் தூங்கினாள்.