பிளம்ஸ் மரத்தடியில் பேக்கிங் செக்சன்

பெருமாள்சாமிக்கு வருசத்தில் ஒரே ஒரு நாள்தான் நல்ல நாள். மற்ற நாளெல்லாம் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் செக்சனில் சூப்பர்வைசர். காலையில் போய் நின்றால் இருட்டும்வரை மெசின் சத்தமும் அட்டைப்பெட்டியும்தான். ஊட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள் தையல் மெசின் ஓடும்.

அந்த ஒரு நாள் மே மாதக் கடைசியில் வரும். மலையில் பிளம்ஸ் பழம் சிவந்து கருக்கும் சமயம் பார்த்து, கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடாமல் பழனிக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து மலை ஏறி, மாரக்காள் தோட்டத்தில் போய் இறங்குவார். மாரக்காள் இவருடைய சொந்த ஊரான கொமரலிங்கத்தில் பிறந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். தூரத்து அக்கா முறை. தோட்டத்தில் எல்லா மரத்தையும் வியாபாரிக்கு விலை பேசிவிடுவாள். ஓடைக்கரையில் இருக்கும் கடைசி மரத்தை மட்டும் இவருக்கென்று விட்டு வைத்திருப்பாள்.

போனதும் ஒரு கேரட்டைப் பிடுங்கி ஓடையில் அலசி, மண் வாசம் போகாமலே கடிப்பார். அப்புறம் அந்த மரத்தடியில் படுத்துக்கொண்டு, கைக்கு எட்டுவதில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பறித்துத் தின்பார். யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஓடைத்தண்ணீர் மட்டும் சளசளவென்று போய்க்கொண்டிருக்கும். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மீதி வருசத்தை ஓட்டுகிற மனுசன் அவர்.

இந்த வருசம் அது பெண்டாட்டி வேலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, வருசா வருசம் நீங்க மட்டும் போயி வவுறு முட்டப் பழத்த மொசுக்கீட்டு வர்றீங்க. நாங்கெல்லாம் என்ன பாவம் பண்ணுனோம்?"

"நீயும் வா. யார் வேண்டாம்னா?"

அங்கேதான் தப்புப் பண்ணினார். வேலாத்தாளும் அதே செக்சனில் மடிக்கிற வேலை பார்க்கிறவள். செக்கிங் செய்கிற அனிதாவின் காதில் போட்டாள். அனிதாவிடம் ஒன்றைச் சொல்வதும் கம்பெனி மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். அடுத்த நாள் அட்டைப்பெட்டி கட்டுகிற செல்வக்குமார் வந்து நின்றான்.

"அண்ணா, வேன் பேசியாச்சுங்க. உங்களுக்கு முன்னாடி சீட்டுங்க."

"எதுக்குடா வேன்?"

"நம்ம செக்சனே வருதுங்கண்ணா."

பெருமாள்சாமி ஒட்டி முடித்த பெட்டிக்கு மறுபடி டேப் ஒட்டினார். பேசினால் வாயில் என்ன வரும் என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வேன் கிளம்பியது. கிளம்பின நிமிசத்தில் பாட்டு. தாராபுரம் தாண்டியும் பாட்டு. மலையில் வளைவு ஆரம்பித்ததும் பாட்டு நின்றது, வாந்தி ஆரம்பித்தது. அது நின்றதும் போட்டோ. ஒரு பள்ளத்தைக் கண்டால் இறங்கிப் போட்டோ, ஒரு குரங்கைக் கண்டால் இறங்கிப் போட்டோ. மேகம் ரோட்டுக்கு இறங்கி வந்து, யூக்கலிப்டஸ் வாசம் ஜன்னல் வழியாக ஜில்லென்று அடித்தது. அதை மூக்கில் வாங்கினது பெருமாள்சாமி ஒருவர்தான். மற்றவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புளிசாதம் தின்றார்கள்.

கூட்டத்தைப் பார்த்ததும் மாரக்காள் இடுப்பில் கை வைத்தாள்.

"என்னடா பெருமாளு, பொண்ணு பார்க்கவா வந்திருக்கீங்க?"

"நீ வேற ஏங்க்கா வவுத்தெரிச்சலக் கெளப்பற?"

"செரி செரி, வந்ததுக இருந்துட்டுப் போகட்டும். மத்த மரமெல்லாம் யாவாரி பேசுனது, அதுல கை வெக்காம பார்த்துக்க. கடைசி மரம் உங்களுது. வவுறு நெறயத் தின்னுங்க."

பெருமாள்சாமி எல்லாரையும் நிறுத்தி வைத்து அதை அப்படியே சொன்னார். வியாபாரி மரத்தில் கை வைத்தவன் நாளைக்கு பேக்கிங் டேபிளுக்கு வர வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். இனியாவது மரத்தடியில் சாயலாம் என்று துண்டை உதறினார். அதற்குள் மாரக்காள் கூப்பிட்டாள். மேட்டுக்காட்டுக்குப் போகிற தண்ணீர்ப் பைப்பில் அடைப்பாம்.

மேடு ஏறி, பைப்பைக் கழற்றி, உள்ளே அடைத்திருந்த தழையையும் சேற்றையும் குத்தி எடுத்து மறுபடி மாட்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. திரும்பி இறங்கும்போது கீழே பேச்சுமூச்சே இல்லை. பெருமாள்சாமி நடையை எட்டிப் போட்டார். பேக்கிங் செக்சன் கம்மென்று இருக்கிறதென்றால் அங்கே லோடு ஏறுகிறது என்று அர்த்தம்.

ஓடைக்கரைக்கு வந்து பார்த்தார். செல்வக்குமார் மரத்தில் இருந்தான். கீழே ஒருத்தி சேலையை விரித்துப் பிடிக்க, அடுத்தவள் காம்பு கிள்ள, அனிதா ஒவ்வொரு பழத்தையும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துத் தள்ள, கடைசியில் வேலாத்தாள் உட்கார்ந்து தார்ப்பாயில் டஜன் டஜனாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய பழம் ஒரு வரிசை, நடுத்தரம் ஒரு வரிசை, சின்னது ஒரு வரிசை. அதற்கும் அந்தப் பக்கம் கல் மாதிரிப் பச்சைக்காய் ஒரு குவியல். கண்ணுக்கு எட்டினவரை மரத்தில் இலைதான் பாக்கி.

"என்ன பண்றீங்க?" என்றார்.

"முடியப் போகுதுங்கண்ணா," என்றான் செல்வக்குமார், பெருமையாக. "டைமுக்கு முன்னாலயே முடிச்சிட்டோம்."

"எதடா முடிச்சீங்க? இதென்ன ஷிப்மெண்டா? இந்தக் காய எதுக்குப் பறிச்சீங்க?"

"மரத்துல பாதி, தரையில பாதின்னா வேலையா இருக்காதுங்களே," என்றாள் அனிதா.

"செரி. எப்படி இருந்துச்சு பழம்?"

அனிதா கையிலிருந்த பழத்தை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"தின்னீங்களா இல்லையா?"

"முடிச்சுப்போட்டுத் தின்னுக்கலாம்னு இருந்தோமுங்க," என்றாள் வேலாத்தாள்.

பெருமாள்சாமி தார்ப்பாய் ஓரமாகப் பொத்தென்று உட்கார்ந்தார். இத்தனை மலை ஏறி வந்து, இத்தனை குளிர்ந்த காற்றில் நின்று, ஒரு பழம் வாயில் வைக்காத ஜனம். பழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பெரிய வரிசையில் ஒன்று சின்னதாகக் கிடந்ததைக் கண்டு, எடுத்து நடு வரிசையில் வைத்தார். வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

மாரக்காள் வந்து பச்சைக்காய்க் குவியலைக் காலால் ஒதுக்கினாள். "அட கண்ணுகளா, இது இன்னும் ரெண்டு வாரம் மரத்துல இருந்து பழுக்கோணும். இனி ஊறுகாய்க்குத்தான்." திட்டவில்லை. திட்டியிருந்தால் பெருமாள்சாமிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு தின்றார்கள். டீக்கு விட்ட மாதிரி நின்றுகொண்டே, ஆளுக்கு நாலு வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பினார்கள். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார்கள். தின்ற வேகத்தில் அருவி பார்க்கக் கிளம்பினார்கள்.

வேலாத்தாள் மட்டும் நின்றாள். "வாங்க, அருவி பார்க்கலாம்."

பெருமாள்சாமி அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். உச்சிக் கிளையில் நாலைந்து பழம் கறுப்பாகத் தொங்கியது.

"அதை ஏன் விட்டீங்க?"

"அது டேமேஜுங்க. தோல் வெடிச்சிருக்குதுன்னு அனிதா வேண்டாம்னுட்டா."

வெயிலில் கனிந்து கனிந்து தன்னால் வெடித்த பழம். மரத்திலேயே அதுதான் பழம். பெருமாள்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏனுங்க, முட்டி வலின்னு தைலம் தேய்க்கற ஆளு நீங்க. உழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா என்னால தூக்க முடியாது."

"நீ அருவிக்குப் போ."

"மழ மேகம் வேற வருது."

"போங்கறேனில்ல."

அவள் முனகிக்கொண்டே போனாள். அவர் மரத்தில் ஏற ஏற முட்டி கடகடத்தது, பட்டை உள்ளங்கையைச் சிராய்த்தது. ஒரு வழியாகக் கிளை பிரிகிற கவட்டையில் போய் உட்கார்ந்து, ஒரு பழத்தைப் பறித்தார். தேன் மாதிரிச் சாறு முழங்கை வரைக்கும் ஒழுகியது. நக்கினார். மேகம் வந்து மரத்தை மூடிக்கொண்டது. தார்ப்பாயும் தெரியவில்லை, வேனும் தெரியவில்லை. கீழே ஓடை போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்ததைப் பறித்து, அவசரமில்லாமல் தோலை உரித்தார். வேன்காரன் எங்கேயோ ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று கிளையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.