லேத்தை உள்ளே இழுத்த குரல்

எங்கள் வீட்டில் காருக்கு முன்பே கார் ஷெட் வந்துவிட்டது. கார் கடைசிவரை வரவில்லை. கோவளத்தில் மீனவர் குப்பத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியபோது, பின்னால் உதவும் என்று அப்பா தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக ஒரு ஷெட் போட்டுவைத்தார். சித்தி அதில் ஆடு கட்டினாள். யாராவது கேட்டால், "கார் வர்ற வரைக்கும் ஆடு இருந்துட்டுப் போவட்டுமே" என்பாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சித்தப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவர் டர்னர், லேத்தில் இரும்பைக் கடைவதைத் தவிர வேறு வேலை அறியாதவர். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார். பிறகு செங்கல்பட்டில் ஒரு பட்டறையைக் கலைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், பழைய லேத் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினார். படகு இன்ஜினுக்கும் பம்புசெட்டுக்கும் ஷாப்ட் கடைந்து கொடுத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் நம்பிக்கை. அதன்பின் சித்தியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. "ஆட்ட எங்க கட்டறது?" என்று மட்டும் கேட்டாள்.

லேத் ஒரு டன்னுக்கு மேல் இருந்தது. முழுக்க வார்ப்பிரும்பு, சாய்ந்து விழுந்தால் விரிசல் விடும், விரிசல் விட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். போதாததற்குப் பாரமெல்லாம் தலைப்பக்கமாகவே இருக்கும் எந்திரம் அது. லாரி தெருமுனையோடு நின்றுவிட்டது. உள்ளே முழுக்க மணல். சித்தப்பா கவலைப்படவே இல்லை. மணலில் பாரம் இழுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

காலையில் கரை திரும்பியவர்கள் குளித்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேராகக் கயிற்றோடு வந்தார்கள். கூடவே குரல்காரரும் வந்தார். படகைக் கரையேற்றும்போது "ஏலேலோ" என்று குரல் கொடுப்பவர் அவர்தான். மற்றவர்கள் "ஐலசா" என்று இழுப்பார்கள். அவர் குரல் இல்லாமல் அந்தக் கரையில் ஒரு படகும் நகராது. சித்தப்பா வயதுதான், பொழுது சாய்ந்தால் இருவரும் சேர்ந்து பீடி பிடிப்பார்கள்.

"இன்னா அண்ணாத்த, இது கடலுக்குப் போவுமா?" என்று லேத்தைத் தட்டிப் பார்த்தார்.

"போவாது. கடலுக்குப் போறத எல்லாம் ரிப்பேர் பண்ணும்."

சித்தப்பா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். கழற்ற முடிந்த பாகங்களை முதலிலேயே கழற்றிவிட்டார். லேத்தின் கால்களை இரண்டு நீளமான மரச் சட்டங்களோடு போல்ட் போட்டு இறுக்கினார். மணலில் பலகை பரப்பி, பலகைமேல் இரும்புக் குழாய்களைப் போட்டு, அவற்றின்மேல் லேத்தை உருட்டிக்கொண்டு போவது என்று ஏற்பாடு. பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, அடியில் யாரும் கை விடக் கூடாது, குரல் ஒன்றே ஒன்றுதான் என்று மூன்று முறை சொன்னார்.

தெருவில் அது தேர் மாதிரி வந்தது. நான் கூடவே கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்த குரல்காரர், நேரான இடம் வந்ததும், "இன்னா தொர, நீ குடுக்கறியா ஒரு கொரலு?" என்றார். நான் கொடுத்தேன். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே "ஐலசா" என்றார்கள். லேத் நகர்ந்தது. என் ஒரு சொல்லுக்கு ஒரு டன் இரும்பு நகர்ந்ததை இன்றைக்கும் உடம்பு மறக்கவில்லை.

ஷெட்டுக்குள் நின்று இழுக்க இடமில்லை. அதனால் பின்சுவர் ஜன்னலின் கம்பிகளை எடுத்துவிட்டு, அதன் வழியாகக் கயிற்றைக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். இழுப்பவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம். லேத் அவர்கள் கண்ணில் படாது. குரல்காரர் மட்டும் வாசல் பக்கம் நின்றார். நான் கொல்லையில் ஜன்னலோரம் நின்று உள்ளே பார்த்தேன்.

வாசல்படியின் சரிவில் ஒரு குழாய் கோணிக்கொண்டது. குரல்காரர் கையைத் தூக்கினார். எல்லாம் நின்றது. கொல்லையில் கயிற்றை விறைப்பாகப் பிடித்தபடி ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவர், "இன்னா தொர, உள்ள தூங்கினுகீறாங்களா?" என்று என்னைக் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தூக்கிய கை நிறுத்தச் சொல்வது என்று எனக்குத் தெரியும். சித்தப்பா லேத்துக்குப் பின்னால் குனிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் கை தெரிந்தது. தெரிந்துதான் "ஏலேலோ" என்று கத்தினேன்.

கயிற்றைப் பிடித்தவன் யோசிக்கக் கூடாது என்பது அந்த வேலையின் ஒழுங்கு. அவர்கள் யோசிக்கவில்லை. லேத் ஒரே மூச்சில் படியேறி, சாயாமல், கீறலில்லாமல் உள்ளே வந்து நின்றது. சித்தப்பாவின் வலக்கை விரல்கள் இரண்டு குழாய்க்கடியில் போயின. அடியில் கை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், குழாயை நேராக்கத் தாமே கை விட்டிருந்தார்.

தெருமுனையில் நின்ற லாரியிலேயே அவரை ஏற்றினார்கள். ஏறும் முன் அப்பா கொல்லைக்கு வந்து, "யார்யா குரல் குடுத்தது?" என்று இரைந்தார்.

குரல்காரர் அவர் பின்னாலேயே வந்திருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். "நான்தான் குடுத்தேன். கை உள்ள கீதுன்னு பாக்கல" என்றார். கயிற்றுக்காரர்களில் ஒருவர் வாயைத் திறந்தார். "உன்ன எவனாவது கேட்டானா?" என்றார் குரல்காரர். அவர் மூடிக்கொண்டார்.

சித்தப்பா இரண்டு விரல் குறைந்து திரும்பினார். ஆனால் கட்டுப் பிரிப்பதற்குள்ளாகவே இடக்கையால் ரசமட்டம் வைத்து லேத்தை நிலைப்படுத்திவிட்டார். மிச்ச விரல்களைப் புதிதாகப் பழக்கினார். முட்டுக்காட்டிலிருந்தெல்லாம் வேலை வந்தது. எங்கள் வீடு லேத் வீடாயிற்று. என்னைப் பொறியியல் படிக்கவைத்ததும் அந்த லேத்தான். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதைக் கேட்கவேண்டிய சித்தப்பா, குரல்காரர் இருவரும் இன்று இல்லை. அதனால் இதை இங்கே எழுதுகிறேன்.

யார் குரலில் ஒருவனுக்கு அடிபட்டதோ, அவர் அதன்பின் குரல் கொடுக்கக் கூடாது என்பது குப்பத்தின் வழக்கம். இதை நான் அறிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான்.

விரல் போன அந்த வருஷம், பள்ளி விட்டுக் கரைக்குப் போனபோது வேறு யாரோ குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். குரல்காரர் கயிற்றின் கடைசியில் நின்று, மற்றவர்களோடு "ஐலசா" சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார். படகு கரையேறியதும் அவரிடம் போய், ஏன் நீங்கள் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"தொண்ட கட்டிகிச்சு தொர" என்றார்.

மறுநாள் சித்திக்குத் தெரியாமல் டப்பாவிலிருந்து பனங்கற்கண்டை ஒரு கை அள்ளி, காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை மடியில் முடிந்துகொண்டார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். சரியாகிவிடும் என்று அவரும் தலையாட்டினார். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு மணலில் துள்ளிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.