வாழைக்குப் போன வாசனை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் காலை. பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் அருகே எலுமிச்சைப்புல் எண்ணெய் காய்ச்சும் சிறிய கொட்டகை வைத்திருக்கிறேன். கொப்பரையில் புல்லை அடைத்து நீராவி விட்டால், குளிர்ந்து வரும் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கும். அதை எடுத்துக்கொண்டு அடித் தண்ணீரைத் திறந்துவிடுவோம். பத்து வருடப் பழக்கம். இந்தத் தொழிலில் என்னை அசைக்க ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

ஏலாக்குறிச்சிப் பக்கம் கொள்ளிடக்கரை மணலில் முதன்முறையாக வெட்டிவேர் போட்டிருந்த ஓர் அம்மா, பாதி வயலைத் தோண்டி வேரை வேனில் கொண்டுவந்து இறக்கினார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காய்ச்சினேன். மேலே மிதந்தது ஒரு கரண்டிகூடத் தேறவில்லை.

"வேருல சத்து இல்லம்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

கூட வந்திருந்த அவருடைய கொழுந்தனார், "நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி? மிச்சத்தையும் ஓட்டிட்டு மக்காச்சோளத்தப் போட்டுருவோம்" என்றார்.

கொட்டகைக்குப் பின்னால் கால் கழுவப் போன அந்த அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "சார், இங்க வாங்க. ஒங்க வாழையெல்லாம் சென்ட் போட்டுக்கிட்டு நிக்குது!"

போனேன். கழிவுத் தண்ணீர் பாயும் வாழையடியில் ஒரு பிடி சேற்றை அள்ளி என் மூக்கருகே நீட்டினார். கும்மென்று வெட்டிவேர் மணம்.

"என் வேரு மேல குத்தமில்லங்க. எண்ணெ அடியில போயிருக்கு."

எண்ணெய் எங்காவது அடியில் போகுமா? எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் விடவில்லை. "இன்னும் நாலு கட்டு கெடக்குதுல்ல, காச்சுங்க. ஒரு சொட்டுத் தண்ணியும் வெளிய விடாதீங்க."

மறுநாள் அந்தத் தண்ணீர் முழுவதையும் கண்ணாடி ஜாடிகளில் பிடித்துத் தெளியவைத்தோம். அடியில் தேன் நிறத்தில் கெட்டியாகப் படிந்திருந்தது எண்ணெய். வெட்டிவேர் எண்ணெயில் கனமான பகுதி தண்ணீரில் மூழ்கிவிடுமாம். புல் காய்ச்சிய பழக்கத்தில், அவர் வேரின் நல்ல பங்கை நானே வாழைக்குப் பாய்ச்சியிருக்கிறேன். போதாததற்கு மீதி வயலையும் அழிக்கப் பார்த்தேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கொழுந்தனார் எதிரிலேயே, "தப்பு என்னோடதுங்க. மிச்ச வேரையும் கொண்டாங்க, நானே காச்சித் தரேன்" என்றேன்.

"கொண்டாரேன் சார். ஆனா வாழைக்குப் பங்கு கெடையாது" என்று சிரித்தார்.

இப்போதும் யாருடைய சரக்கையாவது குறை சொல்ல வாய் வரும்போது, முதலில் என் வாழையடிக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு வருகிறேன்.