பெயர், ஊர், தொலைபேசி எண்

படியில் ஏறி வரும் செருப்புச் சத்தம் பாதியில் நின்றுவிட்டால், மேலே என்ன ஏமாற்று வேலை நடக்கிறதோ என்று ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று பொருள். இலவசமாகச் சொற்பொழிவு நடத்துகிற வேலையில், ஆள் வருவதற்கு முன்பே அவருடைய சந்தேகம் வந்து சேர்ந்துவிடும். நீங்களும் எங்காவது பத்துப் பேரைக் கூட்டி நல்ல விஷயம் ஒன்றைச் சொல்ல முயன்றவர் என்றால், இந்தச் சத்தம் உங்களுக்கும் பழக்கமாகியிருக்கும்.

எனக்குச் சம்பளம் தருகிற வேலை வேறு. காரைக்காலில் ஓர் ஐஸ் பிளாண்டில் ராத்திரி ஷிஃப்ட். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மெஷின் ஓடுகிற நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததைப் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஊர் விழித்திருக்கிற பகலில் நான் ஜன்னலை மூடிக்கொண்டு தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பேன். அதனால்தான் ஓய்வூதியர் சங்கக் கட்டட மாடியைக் கேட்டு வாங்கி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கலை, அறிவியல், சமூகம் என்று வாரம் ஒரு பேச்சுக்கு ஏற்பாடு செய்தேன். எந்த வயதுக்காரரும் வரலாம். சங்கத்தின் நிபந்தனை ஒன்றுதான்: வாரம் இருபத்தைந்து பேராவது வரவேண்டும், வந்தவர்கள் பதிவேட்டில் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதவேண்டும். குறைந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மனிதர்களோடு நான் உட்காருகிற ஒரே ஒரு மணி நேரம் அந்தச் சாவியை நம்பித்தான் இருந்தது.

குக்கரா, மெத்தையா?

அம்பகரத்தூர் பஸ்ஸைத் தவறவிட்ட ஓர் அம்மா, அடுத்த பஸ் வரும்வரை ஃபேன் காற்று வாங்கலாம் என்று மேலே வந்தார். வாசலிலேயே நின்று, “என்ன விக்கிறீங்க? குக்கரா, மெத்தையா?” என்றார். எதுவும் விற்கவில்லை, கல்லூரி வாத்தியார் ஒருவர் நிலாவுக்கும் கடல் அலைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றேன். “அப்ப ஓட்டு கேப்பீங்களா?” “இல்லைங்கம்மா.” “லோன் குடுப்பீங்களா?” “அதுவும் இல்லைங்கம்மா.” ஒன்றுமே இல்லை என்றதும்தான் அவருக்குக் கலக்கம் கூடியது.

பையை மடியில் இறுக்கிக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் வாத்தியார் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்” என்று வாத்தியார் ஆரம்பித்ததும் விருட்டென்று எழுந்தார். படியிறங்கப் போனவரிடம், பேச்சு பிடிக்கவில்லையா என்று கேட்டேன். “நல்லாத்தான் பேசுறாரு தம்பி, அதான் பயமா இருக்கு.”

படகு யாருடையது?

இன்னொரு ஞாயிறு, ஓவியர் ஒருவர் படம் பார்ப்பது எப்படி என்று பேச வந்தார். தானே வரைந்த ஒரு படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். சாம்பல் நிறக் கடல், ஒற்றைப் படகு. “இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது? தப்பு, சரி கிடையாது. மனதில் பட்டதைச் சொல்லுங்கள்” என்றார். முப்பது பேரும் கூண்டில் ஏற்றப்பட்ட சாட்சிகளைப் போல அவரைப் பார்த்தார்கள்.

எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர் கோட்டுச்சேரிமேட்டு மீனவர் செல்வமணி. நான் அவரைக் கெஞ்சலாகப் பார்த்தேன். அவர் எழுந்து சுவர் வரைக்கும் போய்ப் படகின் பக்கவாட்டை உற்றுப் பார்த்தார். ஓவியர் ஆசையோடு காத்திருந்தார். செல்வமணி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “போட்டுல ரிஜிஸ்டர் நம்பர் எழுதலைங்க. யாரு போட்டுன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா எனக்குத் தெரியாது, இப்பவே சொல்லிட்டேன்.”

பிரான்சுக்கு மட்டும்

பதிவேட்டை நீட்டினால் சிலர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார்கள், சிலர் பேனா பிடித்தால் கை நடுங்கும் என்பார்கள். பிரெஞ்சு வழக்கப்படி ஊரார் ‘மிசியே’ என்று மரியாதையாக அழைக்கிற அந்துவான் அப்படியெல்லாம் நழுவுகிறவர் இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். முன்வரிசையில்தான் உட்காருவார், கேள்வியும் கேட்பார். பதிவேட்டை மட்டும் ஒரு விரலால் தள்ளிவிடுவார்.

ஒருநாள் வற்புறுத்திக் கேட்டேன். எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நான் உசுரோட இருக்கேன்னு வருசத்துக்கு ஒருதரம் பிரான்சுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். உங்களுக்கும் போட்டுக்கிட்டு இருந்தா, எந்த அந்துவான் நெசம்னு அவன் கேக்க மாட்டானா?”

பத்து போன்கள்

சங்கச் செயலாளர் கலியபெருமாள் சார், பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இருப்பதை நம்பியே வாழ்ந்த மனிதர். ஒரு திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் முடிந்து கண் எரிச்சலோடு வந்த என்னைச் சங்கத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது.

பத்து எண்களுக்கு போன் போட்டுப் பார்த்தாராம். இரண்டு எண்கள் புழக்கத்திலேயே இல்லை. ஒன்று எந்த ஊரிலோ ஒரு கோழிக்கடை. இன்னொன்றில் எடுத்த பெண், “யாருய்யா நீ?” என்று பிடித்துக்கொண்டார். மூன்று பேர் எழுதியிருந்தது கலியபெருமாள் சாருடைய எண். மண்டபம் தேவைப்படுவோர் அணுகவும் என்று கீழே போர்டில் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மிச்சமும் அதே கதிதான். வந்தது நிஜமான ஆட்கள், எழுதியதுதான் பொய் என்று நான் சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது திருடன் பேச்சு மாதிரிக் கேட்டது. அடுத்த ஞாயிறு உண்மையான எண்கள் வராவிட்டால் சாவி வேண்டும் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: “ஐஸ் பிளாண்டுல ராத்திரி பொழுது போகாம நீங்களே உக்காந்து எழுதுறீங்களா?”

உண்மை கேட்ட நாள்

அந்த ஞாயிறு பேச்சுக்கு முன்னால் நானே எழுந்து நின்றேன். கும்பிட்டே கேட்டேன். யாரும் உங்களுக்கு போன் செய்து தொந்தரவு தர மாட்டார்கள், இந்த ஒரு வாரம் மட்டும் சரியான பெயரும் எண்ணும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கூட்டம் நின்றுவிடும் என்றேன்.

பதிவேடு சுற்றி வந்தபோது நான்கு பேர் எழுதியிருந்தார்கள். வழக்கமாகப் பொய்யாவது எழுதுகிறவர்கள் அன்று அதையும் எழுதவில்லை. செல்வமணி என்னைத் தனியாக ஓரங்கட்டினார். “இத்தினி நாளு பொய் நம்பர வாங்கிக்கிட்டு சும்மா இருந்தீங்க. இப்ப நெசத்தக் கேக்குறீங்கன்னா என்னமோ நடந்திருக்குண்ணே.”

துரு

வேறு வழியில்லாமல் கலியபெருமாள் சாரிடம், ஒருதரம் நீங்களே வந்து தலைகளை எண்ணிப் பாருங்கள் என்றேன். மறு ஞாயிறு வந்தார். வந்ததும் சாவியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் பேனாவுமாக அவர் வரிசை வரிசையாக விரல் நீட்டி எண்ண, ஏதோ டிபார்ட்மென்ட் ஆள் என்று நினைத்துப் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செல்வமணி கதவோரத்துக்கு இடம் மாறினார். முப்பத்தொன்று என்று எண்ணி முடித்தும் சார் சமாதானம் ஆகவில்லை. “நான் வர்றேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றார்.

அன்று பாலிடெக்னிக் ஆசிரியை ஒருவர், கடற்கரை ஊர்களில் இரும்பு ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று பேசினார். ஐந்து நிமிடம் நிற்க வந்த சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்ததும் முதல் கேள்வி அவருடையதுதான். போன வருடம் பெயின்ட் அடித்த வீட்டுக் கேட், அதற்குள் ஏன் உதிர்கிறது? ஆசிரியை பதில் சொல்ல, இவர் மறுத்துப் பேச, பாதிப்பேர் எழுந்து போயும் விவாதம் ஓயவில்லை. நான் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரிடமும் நீட்டுவதுபோல, நடுவில் போய் அவரிடமும் பதிவேட்டை நீட்டினேன். ஆசிரியையிடம் பேசிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்தேன். ‘க. ராமலிங்கம், கோட்டுச்சேரி.’ எண்ணில் இரண்டு இலக்கம் குறைந்தது. பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். முந்தைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “கை தானா எழுதிடுச்சுங்க” என்றார், மிகவும் மெதுவாக. பையில் இருந்த சாவியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பினார். “மொத்தம் முப்பத்திரண்டுன்னு போட்டுக்குங்க. ராமலிங்கமும் வந்தாரு.”

இந்த ஊரில் இரும்பைத் தவிர மற்ற எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த நாற்காலிகளை மடிக்கப் போனேன்.